எந்தப் பாதி போச்சு? திருச்சி நீதிமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

திருச்சிராப்பள்ளி மாவட்ட நீதிமன்றத்தின் நீதிபதிகளுக்கும், வழக்கறிஞர்களுக்கும், பென்ச் கிளார்க் முதல் அமீனா வரை அங்கே வேலை பார்க்கும் எல்லோருக்கும்,

வணக்கம்.

நான் வக்கீல் இல்லை, கட்சிக்காரனும் இல்லை. ஒரு கோர்ட் வாசலில் 27 வருஷம் ஜாப் டைப்பிங் கடை வைத்திருந்தவன். எந்த ஊர்க் கோர்ட் என்பது வேண்டாம். திருச்சி இல்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ரெமிங்டன் மிஷினில் ஆரம்பித்து, கம்ப்யூட்டரும் ஜெராக்ஸும் வைத்து முடித்தேன். வக்காலத்து, பிராது, பிரமாண வாக்குமூலம், வாய்தா கேட்டு மனு என்று நான் அடித்த தாள்களை அடுக்கினால் மலைக்கோட்டைப் படி பாதி தூரம் வரும். இப்போது கடையை மூடிவிட்டு உறையூரில் மகள் வீட்டோடு இருக்கிறேன்.

கடையை மூடுவதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்பு நடந்ததைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

மதிய இடைவேளை. கூட்டம் டீக்கடைப் பக்கம் போய்விட்டது. அறுபத்தைந்து வயது இருக்கும், ஒரு அம்மா வந்தார். மஞ்சப்பையிலிருந்து ஒரு கட்டை எடுத்து மேஜையில் வைத்தார். ஓரத்தில் சீல் குத்திய 14 பக்கத் தீர்ப்பு நகல்.

"தம்பி, இதுல நான் ஜெயிச்சிருக்கேனா தோத்திருக்கேனான்னு பாத்துச் சொல்லு. என்ன காசோ குடுத்துடறேன்."

வக்கீலைக் கேட்கவில்லையா என்றேன். "குமாஸ்தா சொன்னாரு, பாதி போச்சு, அப்பீல் போலாம்னு. எந்தப் பாதி போச்சுன்னு கேக்கத் தோணல."

தீர்ப்பு முழுக்க ஆங்கிலம். அதில் 12 பக்கம் யார் என்ன வாதாடினார், எந்தச் சாட்சி என்ன சொன்னார், எந்த மேல்கோர்ட் தீர்ப்பு பொருந்தும் பொருந்தாது என்பதுதான். பதிமூன்றாம் பக்கத்தின் அடியில் விஷயம் இருந்தது. 'அ' அட்டவணைச் சொத்தான வீட்டுமனை அந்த அம்மாவுக்குப் பாத்தியம் என்று விளம்புகை செய்து, எதிர்க்கட்சி உள்ளே நுழையக் கூடாது என்று நிரந்தர உறுத்துக்கட்டளையும் கொடுத்திருந்தார் நீதிபதி. 'ஆ' அட்டவணையில் இருந்த சந்துப் பாதையை மட்டும் தள்ளுபடி செய்திருந்தார்.

மனை கைக்கு வந்துவிட்டது, போனது சந்து. அந்த அம்மாவோ மனைதான் போச்சு என்று நினைத்து இரண்டு மாதமாக அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. தோற்றவர்கள் அங்கே வைக்கோல் போர் போட்டிருந்தார்கள். "கோர்ட்டே குடுத்துருச்சுன்னு நெனச்சுதான் நான் பேசாம இருந்தேன்" என்றார். சந்துக்கு அப்பீல் போவதற்கு 30 நாள். நகல் வாங்கிய நாட்களைக் கழித்தாலும் கெடு தாண்டிவிட்டது. இனி தாமதத்தை மன்னிக்கச் சொல்லி ஒரு மனு போட வேண்டும். அதையும் நான்தான் அடித்தேன். அந்த மனுவில் மன்னிப்புக் கேட்க வேண்டியவர் யார் என்று அடிக்கும்போதே தோன்றியது. ஆனால் டைப்பிஸ்டுக்கு அதெல்லாம் தோன்றக் கூடாது.

போகும்போது அவருக்குத் தமிழில் ஆறு வரி அடித்துக் கொடுத்தேன். தீர்ப்பில் என்ன இருக்கிறது என்பது அவ்வளவுதான். அந்த ஆறு வரியைத்தான் இன்றைக்கு உங்களிடம் கேட்கிறேன். எந்தத் தீர்ப்பானாலும், எந்த மொழியில் எழுதினாலும், நகலோடு ஒரு பக்கம் தமிழில் சுருக்கம். வழக்குப் போட்டவர் என்ன கேட்டார், எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை, ஏன், யார் எந்தத் தேதிக்குள் எந்தக் கோர்ட்டுக்கு அப்பீல் போகலாம். அவ்வளவு போதும்.

நான் பார்த்த கோர்ட்டை விட்டுவிட்டு உங்களிடம் ஏன் வந்து கேட்கிறேன் என்றால், இந்த வேலை தெரிந்த ஒருவரைத் தயாரித்துக் கொடுத்ததே திருச்சி கோர்ட்தான்.

திருச்சியை அடுத்த குளத்தூரில் 1826இல் பிறந்த வேதநாயகம் பிள்ளையை ஊர் 'மாயூரம்' என்று அடைமொழி போட்டுக் கூப்பிடுகிறது. அவர் உத்தியோகம் ஆரம்பித்த இடம் உங்கள் கோர்ட். முதலில் ரிக்கார்டு கீப்பர். கட்டுகளைப் பிரித்து, அடுக்கி, தூசி தட்டிக் கேட்டபோது எடுத்துக் கொடுக்கும் வேலை. அப்புறம் அதே கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர். 1857இல் தரங்கம்பாடி முன்சீப், அதாவது சிவில் வழக்குகளைக் கேட்கும் கீழ்ப்படி நீதிபதி. அங்கிருந்து சீர்காழி, பிறகு மாயூரத்தில் நெடுங்காலம். அவர் முன்சீப் ஆனது எல்லோருக்கும் தெரிந்த சேதி. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது 1862இல் அவர் செய்த ஒரு காரியம். 1805 முதல் 1861 வரை சென்னை சதர் அதாலத் (உயர் நீதிமன்றம் வருவதற்கு முன்பிருந்த மேல்கோர்ட்) கொடுத்த ஆங்கிலத் தீர்ப்புகளைச் சுருக்கித் தமிழில் 'சித்தாந்த சங்கிரகம்' என்று புத்தகமாகப் போட்டார். அரை நூற்றாண்டுக்கும் மேலான தீர்ப்புகள். யாரும் சர்க்குலர் அனுப்பிச் செய்யச் சொன்னதாக இல்லை. கம்ப்யூட்டர் இல்லை, மின்விளக்கு கூட இல்லை. ஒரு முன்சீப், பகலில் வழக்கு விசாரித்துவிட்டு மிச்ச நேரத்தில் செய்த வேலை.

அவருக்கு இது ஏன் தோன்றியது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். ரிக்கார்டு ரூமில் இருந்தவருக்கு ஒரு கட்டுக்குள் எத்தனை குடும்பம் முடங்கிக் கிடக்கிறது என்று தெரியும். மொழிபெயர்த்தவருக்கு இரண்டு பக்கமும் எது கைநழுவுகிறது என்று தெரியும். இரண்டையும் பார்த்துவிட்டுப் பெஞ்சில் ஏறியவர், கீழே நிற்கிற ஆளுக்கு விளங்காத தீர்ப்பை எழுதிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார். 1879இல் வந்த அவருடைய நாவலில், நீதிபதியும் தமிழர், வக்கீலும் தமிழர், கட்சிக்காரனும் தமிழன் என்று இருக்கிற இடத்தில் ஆங்கிலத்தில் வாதாடுவதை ஒரு பிடி பிடித்திருக்கிறார். அதைப் படித்துவிட்டு எந்தத் தாலுகா கோர்ட் வராண்டாவிலும் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள்.

உங்கள் கோர்ட்டின் கதை அவருக்கும் முந்தியது. 1802இல் கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) அரசு சென்னை மாகாணத்துக்கு வகுத்த ரெகுலேஷன்களின்படி ஜில்லா கோர்ட்டுகளும், அவற்றுக்கு மேலே நான்கு பிராந்திய அப்பீல் கோர்ட்டுகளும் வந்தன. வடக்குக்கு மசூலிப்பட்டணம், நடுவுக்குச் சித்தூர், மேற்குக்குத் தலைச்சேரி, தெற்குக்குத் திருச்சிராப்பள்ளி. தெற்கு ஜில்லாக்களின் அப்பீல் கட்டுகள் மாட்டு வண்டியில் வந்து இறங்கிய ஊர் இது. மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை 2004 ஜூலையில் திறந்தபோது தெற்கத்தி ஜனங்களுக்கு அப்பீல் பக்கத்தில் வந்துவிட்டது என்று கொண்டாடினோம், சரி. அந்த வேலையை 1843 வரை செய்துகொண்டிருந்தது திருச்சி. அந்தக் காலத்துக் கோர்ட்டுகளில் இந்துக்களின் வழக்குக்குச் சாஸ்திரம் சொல்ல ஒரு பண்டிதரும், முஸ்லிம்களின் வழக்குக்குச் சட்டம் சொல்ல மார்க்க அறிஞரும் சம்பளத்துக்கு இருந்தார்கள். வெள்ளைக்கார ஜட்ஜுக்கு ஊர் வழக்கம் புரியவில்லை என்று அரசே ஒப்புக்கொண்டு, புரியவைக்க ஆள் வைத்திருந்தது. ஜட்ஜ் சொன்னதை ஊராருக்குப் புரியவைக்க அப்படி ஒரு உத்தியோகம் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

1816இல் மன்றோ காலத்துச் சீர்திருத்தத்தில் ஜில்லா முன்சீப், கிராம முன்சீப் பதவிகள் வந்தன. 1862இல் சதர் அதாலத் போய் உயர் நீதிமன்றம் வந்தது. 1873ஆம் வருஷத்துச் சிவில் நீதிமன்றச் சட்டம் வகுத்த முன்சீப், சப் கோர்ட், ஜில்லா கோர்ட் என்ற மூன்று படிதான் இன்றைக்கும் நாம் ஏறி இறங்குவது. இடையில் உங்கள் ஜில்லா சுருங்கிவிட்டது. புதுக்கோட்டை 1974இல் தனி மாவட்டம். கரூரும் பெரம்பலூரும் 1995இல் பிரிந்தன. ஆனாலும் கொலை வழக்கு விசாரிக்கும் செஷன்ஸ் கோர்ட்டும், முன்சீப் தீர்ப்புமேல் அப்பீல் கேட்பதும், விபத்தில் கால் போனவருக்கு நஷ்டஈடு சொல்வதும், தகப்பன் இல்லாத பிள்ளையின் சொத்துக்குக் கார்டியன் போடுவதும் இந்தப் படிக்கட்டில்தான். உச்ச நீதிமன்றம் வரை போகிறவர்கள் எத்தனை பேர்? பெரும்பாலான குடும்பங்களுக்குக் கோர்ட் என்றால் ஜில்லா கோர்ட்டோடு முடிந்தது.

சட்டம் இடம் கொடுக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அரசியல் சாசனத்தின் 348ஆம் பிரிவு ஆங்கிலத்தைக் கட்டாயமாக்குவது உச்ச நீதிமன்றத்துக்கும் உயர் நீதிமன்றத்துக்கும். உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று 2006 டிசம்பரில் சட்டப்பேரவை தீர்மானம் போட்டு இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். அது பெரிய சண்டை, அதற்கு ஆள் இருக்கிறார்கள். கீழ்க்கோர்ட்டில் அந்தத் தடையே கிடையாது. 1956ஆம் வருஷத்து ஆட்சிமொழிச் சட்டத்தை 1976இல் திருத்தி, கீழமை நீதிமன்றங்களில் தீர்ப்பு, தீர்ப்பாணை, உத்தரவு எல்லாம் தமிழில் என்று எழுதிவைத்தாயிற்று. குற்ற வழக்கில் சிறைத் தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும், அவர் கேட்டால் முடிந்தவரை அவர் மொழியிலோ, கோர்ட்டின் மொழியிலோ மொழிபெயர்த்தும் கொடுக்க வேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே இருந்தது. அதற்குப் பதிலாக 2024 ஜூலையில் வந்த புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் இருக்கிறது. கடையில் இருந்த 27 வருஷத்தில் அப்படி ஒரு மொழிபெயர்ப்பைக் கேட்டு ஒரே ஒரு மனுவைக்கூட நான் அடித்ததில்லை. அப்படிக் கேட்கலாம் என்பதே கேட்க வேண்டியவருக்குத் தெரியாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்புகளைத் தமிழில் மொழிபெயர்த்து இணையத்தில் போட ஆரம்பித்துவிட்டது. 2023இல் முதலில் எடுத்துக்கொண்ட நான்கு மொழிகளில் தமிழும் ஒன்று. டெல்லியில் யாரோ இருவருக்குள் நடந்த வழக்கின் தீர்ப்பை நான் தமிழில் படிக்கலாம். என் வீட்டுச் சந்து வழக்கின் தீர்ப்புக்கு டைப்பிங் கடையைத் தேடிப் போக வேண்டும்.

தமிழில் தீர்ப்பு எழுதும் நீதிபதிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அவர்களில் சிலர் கோபித்துக்கொள்ளலாம், இருந்தாலும் சொல்கிறேன். கோர்ட் தமிழும் சுலபம் இல்லை. "வா.சா.ஆ.4இன்படி தாவா சொத்தானது வாதிக்குப் பாத்தியப்பட்டதென நிரூபிக்கப்படாத நிலையில் கோரியுள்ள பரிகாரம் கிடைக்கத்தக்கதல்ல என இம்மன்றம் முடிவு செய்கிறது" என்ற மாதிரி வரிகளை நானே பக்கம் பக்கமாக அடித்திருக்கிறேன். இதை அந்த அம்மாவிடம் படித்துக் காட்டினாலும் "அப்ப ஜெயிச்சுட்டேனா?" என்றுதான் கேட்பார். சொற்கள் பிரச்சினை இல்லை. வக்கீல், வக்காலத்து, அசல், நகல், ஜப்தி, அமீனா, ராஜி எல்லாம் அரபியிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் வந்து நம் பாட்டிமார் வாயில் புழங்கியவைதாம். வாய்தா என்ற சொல்லுக்கு மூலத்தில் வாக்குறுதி என்று அர்த்தமாம். தெரிந்தபோது சிரித்துவிட்டேன். ஜனங்கள் எந்தச் சொல்லையும் பழகிக்கொள்வார்கள். மூச்சுவிடாமல் ஓடும் அந்த வாக்கியம்தான் அவர்களை வெளியே நிறுத்துகிறது. அதனால்தான் தீர்ப்பையே மாற்றி எழுதச் சொல்லாமல், தனியாக ஒரு பக்கம் கேட்கிறேன்.

வக்கீல் நண்பர்கள் சொல்லப்போவதும் எனக்குத் தெரியும், டீக்கடையில் கேட்டதுதான். தமிழ்த் தீர்ப்பு என்றால் மதுரைக்கு அப்பீல் போகும்போது ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து டைப் செட் போட வேண்டும், அந்தச் செலவு கட்சிக்காரன் தலையில்தான் விழும் என்பார்கள். நியாயமான பேச்சு. அந்த டைப் செட்டுகளில் நானும் நாலு காசு பார்த்திருக்கிறேன். ஆனால் சுருக்கம் தீர்ப்பு ஆகாது. அதன்மேல் அப்பீல் கிடையாது, மேற்கோள் காட்ட முடியாது. "இது கட்சிக்காரரின் தகவலுக்கு மட்டும், தீர்ப்பே இறுதி" என்று அடியில் ஒரு வரி போட்டுவிட்டால் எந்தச் சிக்கலும் வராது. ஆங்கிலத்தில் எழுதுகிறவர் ஆங்கிலத்திலேயே எழுதட்டும்.

நீதிபதிகளுக்கு நேரம் எங்கே என்பதுதான் உண்மையான கேள்வி. காலையில் கூப்பிடு பட்டியலைப் பார்த்தாலே தலை சுற்றும் அளவுக்கு வழக்கு நிற்கிறது. அவர்களே எழுத வேண்டாம். நீதிபதி தீர்ப்பு சொல்லி முடித்ததும் பத்து வரியை வாயால் சொல்லட்டும், ஸ்டெனோ அடிக்கட்டும். அதுவும் முடியாது என்றால் உங்கள் ஊரிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது, நவலூர் குட்டப்பட்டில் தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் அதன் தன்னார்வலர்களும் இருக்கிறார்கள். மாணவர் எழுதி, நீதிபதி ஒரு பார்வை பார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும். சட்டம் படிக்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல பயிற்சி வேறென்ன இருக்கிறது? 14 பக்கத்தை ஒரு பக்கமாக்கத் தெரியாதவர் நாளைக்கு எப்படி வாதாடுவார்?

திருச்சியில் சட்டம் படித்துப் போன இன்னொருவரும் நினைவுக்கு வருகிறார். வ.உ. சிதம்பரம் பிள்ளை இங்கே படித்துத் தேறித்தான் 1895இல் ஒட்டப்பிடாரத்தில் பிளீடர் ஆனார். 1908இல் அவர் பேசியது தமிழில். ஜூலை 7ஆம் தேதி திருநெல்வேலி கோர்ட்டில் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது ஆங்கிலத்தில். அவர் பிளீடர், என்ன விழுந்தது என்று அந்த நிமிஷமே புரிந்திருக்கும். அவர் கைதானதும் ஊரே கொதித்ததில் கலக வழக்குகளில் மாட்டிய சாதாரண ஆட்களைப் பற்றித்தான் நான் நினைப்பது. தங்களுக்கு எத்தனை வருஷம் என்பதைக்கூட ஜெயிலுக்குப் போகும் வழியில் போலீஸ்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டிருப்பார்களோ என்னவோ.

அனுமதி கேட்டு மேலே எழுதி, பதில் வரும் வரை காத்திருக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஒரே ஒரு முன்சீப் கோர்ட்டில் ஆறு மாதம் செய்து பாருங்கள். பாகப்பிரிவினை, வேலித் தகராறு, வாடகை வழக்கு, இவை மட்டும் போதும். நகல் பிரிவில் தீர்ப்போடு அந்த ஒரு பக்கத்தையும் சேர்த்துப் பின் அடித்துக் கொடுத்துவிடலாம். யாராவது அடிக்க ஆள் இல்லை என்றால் நான் வருகிறேன். கண் கொஞ்சம் மங்கல், கை இன்னும் பழையபடிதான். சம்பளம் வேண்டாம், டீ போதும்.

அந்த அம்மாவுக்கு அன்றைக்கு அடித்துக் கொடுத்தது இதுதான். ஒரு பிரதி என்னிடம் இருக்கிறது, ஊர் பேர் அடையாளம் இல்லாமல் தருகிறேன்:

"நீங்கள் போட்ட வழக்கில் இரண்டு கேட்டீர்கள்: வீட்டுமனை, பக்கத்துச் சந்து.
வீட்டுமனை உங்களுடையது என்று கோர்ட் சொல்லிவிட்டது.
எதிர்க்கட்சிக்காரர்கள் மனைக்குள் வரக் கூடாது. வந்தால் கோர்ட்டில் சொல்லலாம்.
சந்து உங்களுக்கு இல்லை. உங்கள் 1968 பத்திரத்தில் சந்தின் நீள அகலம் இல்லை என்பது காரணம்.
சந்துக்காக மேலே சப் கோர்ட்டுக்கு அப்பீல் போகலாம். 30 நாள் கெடு. தாண்டிவிட்டதால் காரணம் சொல்லி மனுப் போட வேண்டும்.
வைக்கோல் போரை எடுக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு."

கடைசி வரி தீர்ப்பில் இல்லை, நான் சேர்த்தது. மொத்தம் ஏழு நிமிஷம் ஆனது. அந்த அம்மா தாளை வாங்கி, வாய்விட்டு, எழுத்துக் கூட்டி இரண்டு தரம் படித்தார். பிறகு 14 பக்க நகலை என் மேஜையிலேயே விட்டுவிட்டு இந்த ஒரு தாளை மட்டும் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினார். நான்தான் பஸ் ஸ்டாப் வரை ஓடிப்போய் நகலைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இப்படிக்கு,
ஒரு பழைய ஜாப் டைப்பிஸ்ட்,
உறையூர்.